பதுவைக்கு ஒரு மொட்டை

வின்சென்ட்டுக்கு இத்தாலியன் தெரியும் என்பதைப் பினாங் ஜார்ஜ் டவுனில் யாரும் மறுத்ததில்லை. மறுக்கிறவருக்கும் கொஞ்சம் இத்தாலியன் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கப்பலில் வந்து கப்பலிலேயே போய்விடுகிறவர்களை விட்டால், அப்படி ஓர் ஆள் இதுவரை அவன் கண்ணில் பட்டதில்லை.

பீச் ஸ்திரீட்டில் ஓர் இத்தாலியக் கப்பல் கம்பெனியின் ஏஜென்சி ஆபீசில் மூன்று வருஷமாக அவன் கிராணி. சரக்குச் சீட்டு எழுதுவது வேலை. ஈயம் இத்தனை கட்டி, ஜெனோவாவுக்கு. கொப்பரை இத்தனை மூட்டை, திரியெஸ்தேவுக்கு. பாக்கு இத்தனை சாக்கு, வெனிசுக்கு. அவன் கையெழுத்துப் பட்ட சாமான்கள் எல்லாம் ஒழுங்காக இத்தாலி போய்ச் சேர்ந்தன. கையெழுத்துப் போட்டவன் மட்டும் சாயந்தரம் ஐந்து மணிக்குச் சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தான்.

இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகத்தான் அவன் இத்தாலியன் படிக்கத் தொடங்கினான். சூலியா ஸ்திரீட்டில் பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கண நூல் கிடைத்தது. இடிந்த மண்டபங்களைப் பார்க்கப் போகும் இங்கிலீஷ் சீமாட்டிகளுக்காக எழுதியது. அதை மனப்பாடம் செய்ததில் வின்சென்ட்டுக்கு, "இந்தத் தூணை நிறுத்திய அரசர் யார்?" என்று கேட்க வரும். "என் குடை எங்கே? எனக்கு மயக்கமாக இருக்கிறது" என்றும் சொல்ல வரும். மிச்சத்தைக் கம்பெனிக் கப்பலில் வரும் சமையல்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். வின்சென்ட் காய்ந்த மிளகாய் கொண்டுபோய்க் கொடுப்பான். அவர் பதிலுக்கு வசவு கொடுப்பார். ஆகவே நம் ஆள் தூணை நிறுத்திய அரசர் யார் என்று மரியாதையாகக் கேட்டு, அதே மூச்சில் அந்த அரசரின் பாட்டன் முப்பாட்டனைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்து திட்டவும் வல்லவனாக இருந்தான்.

குறை ஒன்றே ஒன்றுதான். அவன் பேசியது தப்பா சரியா என்று சொல்ல ஆள் இல்லை. சமையல்காரர் எதற்கும் சிரிப்பார். புத்தகம் எதற்கும் பேசாது. மூன்று வருஷமாகத் தப்பே செய்யாமல் ஒரு மனிதன் எத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடியும்? ஒரு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து, "தப்பு" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஏக்கமாகவே ஆகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் 1928ஆம் வருஷம் ஜூலை மாதம் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பினாங் ஆபீசிலிருந்து ஒரு கிராணியைக் கம்பெனிச் செலவில் ஒரு வருஷம் இத்தாலிக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியும் பண்பாடும் படித்துவிட்டு வந்து, இங்கே கேப்டன்மார்களோடு மரியாதையாகப் பேச வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்த்தோலி என்பவரே கீழ்த்திசைப் பயணத்தில் வழியில் இறங்குகிறார். கப்பல் செவ்வாய்க்கிழமை காலை வரும், சாயந்தரம் போகும். அதற்குள் பரீட்சை, அதற்குள் முடிவு. ஒரே இடம். இனி அடுத்த வருஷம் என்கிற பேச்சே கிடையாது.

மனுப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் வின்சென்ட். இன்னொருவன் இறக்குமதிப் பக்கத்து மைக்கேல். மைக்கேலுக்கு இத்தாலியன் அவ்வளவாக வராது. ஆனால் தலைமுடி நன்றாக வரும். அதை நடுவில் வகிடெடுத்து, வாசனைத் தைலம் போட்டு, அலை அலையாகப் படிய வைத்து அவன் ஆபீசுக்குள் நுழையும்போது, மேசையில் இருக்கும் காகிதங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

கிடைக்காவிட்டால் வின்சென்ட்டின் கதி என்ன என்பதும் தீர்மானமாகியிருந்தது. அவனுடைய அப்பா அக்கரையில், கெப்பாலா பத்தாஸ் நில ஆபீசில் வேலை பார்த்தார். சனிக்கிழமை ஃபெரியில் வந்து திங்கட்கிழமை காலை திரும்பிப் போவார். அங்கே அவர் மகனுக்காக ஒரு நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆகஸ்ட் முதல் தேதி உட்கார வேண்டும். யாருடைய வயல் எந்த வாய்க்கால் வரை என்று எழுதும் வேலை. பென்ஷன் உண்டு.

"வயல் ஓடிப் போகாதுடா. கப்பல் மாதிரி இல்ல" என்பார் அப்பா. கெப்பாலா பத்தாஸைப் பற்றி அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

ஆக, ஒரு பக்கம் பல்கலைக்கழகம். மறுபக்கம் வாய்க்கால். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை.

எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்பதை வின்சென்ட் வீட்டில் மிகவும் ஜாக்கிரதையாகச் சொல்லிவந்தான். "பாதோவா" என்பான், சுத்தமான இத்தாலிய உச்சரிப்பில். அவன் அம்மா அமலம்மாளும், "ஏதோ ஒரு ஊரு" என்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு மேல் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை அப்பா வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பெனிக் கடிதத்தை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பாதோவாவும் இல்ல, கீதோவாவும் இல்ல. நம்ம பதுவைலா இது!" என்றார்.

அமலம்மாளின் கையில் இருந்த கரண்டி நின்றது.

"எந்தப் பதுவை?"

"எத்தனை பதுவை இருக்கு? அந்தோணியார் பதுவைதான்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பினாங் ரோட்டுக் கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பூ வைப்பது அமலம்மாள்தான். வீட்டில் சாவி தொலைந்தால், குடை தொலைந்தால், கோழி வழி தவறினால் முதல் தகவல் பதுவை அந்தோணியாருக்குத்தான் போகும். பதுவை எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. அது அந்தோணியாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கே அவருக்குக் கோயில் இருக்கும் என்று தெரியும். காலேஜும் வைத்து நடத்துகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அம்மா, அது அந்தோணியார் காலேஜ் இல்ல. சர்க்கார் காலேஜ். அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அவர் ஊர்ல அவருக்குச் சம்பந்தம் இல்லாம என்னடா இருக்கும்?"

"பரீட்சை வைக்கிறவர் புரொபசர்."

"வைக்கட்டும். பாஸ் போடறது யாரு?"

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் அமலம்மாள் நேராகச் சுரூபத்தின் முன்னால் போய் நின்று, நாலு பேர் காதில் விழும்படி நேர்ந்துகொண்டாள். மகனுக்குப் பதுவையில் இடம் கிடைத்தால் மகன் தலையை மொட்டை போடுகிறேன். இதுவரை ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். பொழுது சாய்வதற்குள் அவளுக்கு ஓர் ஐயம் வந்துவிட்டது. அதில்தான் வினை பிறந்தது.

"காரியம் ஆனப்புறம் மொட்டை போடறேன்னு சொல்றவங்க ஊர் பூரா இருக்காங்க" என்றாள் சாப்பாட்டுப் பந்தியில். "அவர் எத்தனை பேரைத்தான் ஞாபகம் வச்சுக்குவாரு? முன்னாடியே போட்டுட்டோம்னு வை, அவருக்கே சங்கடமாப் போயிடும். செய்யாம இருக்க முடியுமா?"

வின்சென்ட் சோற்றை அப்படியே வைத்தான். "முன்னாடின்னா?"

"நாளைக்குச் சாயந்தரம். நாவிதரை வரச் சொல்லிட்டேன்."

"செவ்வாய்க்கிழமை எனக்கு இன்டர்வியூமா!"

"அதனாலதான் நாளைக்கு."

"என் தலைய நீ எப்படி நேர்ந்துக்கலாம்?"

"நான் பெத்த தலைதானே?"

"உன் முடியைக் குடுக்கறதுதானே?"

"கப்பலேறப் போறது நானா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "மொட்டை நல்லதுதான். வெயிலுக்குச் சுகமா இருக்கும்" என்றார். பிறகு யோசித்து, "கெப்பாலா பத்தாஸ்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று இரவெல்லாம் வின்சென்ட் இந்த விஷயத்தைப் பல கோணங்களில் ஆராய்ந்தான். மொட்டை போட்டுக்கொண்டு தோற்றால் பழி அந்தோணியாருக்கு. மொட்டை போடாமல் தோற்றால் பழி அவனுக்கு. அந்தப் பேச்சைக் கெப்பாலா பத்தாஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சனி ஞாயிறுதோறும் நாற்பது வருஷம் கேட்க வேண்டும். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. திங்கட்கிழமை சாயந்தரம் அவன் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அமலம்மாள் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். முடிந்ததும் சந்தனத்தைக் கெட்டியாக அரைத்துப் பின்கழுத்து வரைக்கும் பூசினாள். நல்ல சந்தனம். வீட்டில் இருந்த ஒரே துண்டுக் கட்டை அன்றோடு தீர்ந்துபோயிற்று.

"கழுவிடாதே. நாளைக்குப் பூரா இருக்கணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைக் கோட்டு, கறுப்பு டை, அதற்கு மேலே பழுத்த மாம்பழம் போல ஒரு தலையோடு வின்சென்ட் ஆபீஸ் படியேறினான். ஒரு படி பின்னால் அமலம்மாள், நல்ல புடவை கட்டி, கையில் ஜெபமாலையோடு. மகன் வழியில் கழுவிவிடுவானோ என்கிற பயம்.

தலைமைக் கிராணி சீனி முகம்மது, இருபது வருஷமாக எந்தச் சரக்கையும் பார்த்து ஆச்சரியப்படாதவர், பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி... வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? அத்தா நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணே. இது நேர்ச்சை."

"பாஸானா போடற நேர்ச்சையா?"

"ஆமா அண்ணே."

"இன்னும் பரீட்சையே நடக்கலையேலா?"

வின்சென்ட் கண்ணால் அம்மாவைக் காட்டினான். சீனி முகம்மது புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, "வெள்ளைக்காரன் ஜெயில்லருந்து வந்த ஆளுன்னு நெனச்சுக்குவான். இந்தா" என்று தம் கறுப்புத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் கவிழ்த்தார். அளவு சரியாகவே இருந்தது. இரண்டு விநாடிதான் இருந்தது.

"எடுங்க அண்ணே அதை" என்றாள் அமலம்மாள். "மூடி வச்சா அவருக்கு எப்படித் தெரியும்?"

"புரொபசருக்குத் தெரிய வேணாம்னுதான் அக்கா..."

"நான் சொல்றது அந்தோணியாரை."

சீனி முகம்மது தொப்பியை வாங்கிக்கொண்டார். உள்பக்கம் பூரா சந்தனம். முகர்ந்து பார்த்துவிட்டு, "அசல்" என்றார். அப்படியே தலையில் வைத்துக்கொண்டார்.

மைக்கேல் அப்போதுதான் வந்தான். அன்றைக்கு அலைகள் வழக்கத்தைவிட உயரமாக இருந்தன. வின்சென்ட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தான்.

"என்னடா, படிக்கப் போறியா, சாமியாராப் போறியா?"

"உனக்குப் பயமா இருந்தா மனுவ வாபஸ் வாங்கிக்க."

"எனக்கென்னடா பயம்? உன் பக்கத்துல நின்னா எனக்குத்தான் நல்லது. இன்னிக்குத் தைலமே போட்டிருக்க வேணாம்லா."

முதலில் மைக்கேலைக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் உள்ளே இருந்தான். கதவு வழியாக அவன் குரல் மட்டும் மழைத் தண்ணீர் குழாயில் இறங்குவது போல ஒரே சீராகக் கேட்டது. வெளியே வந்தவன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "ஒரு கேள்வி கேக்கல. வாயைப் பிளந்துட்டாரு" என்றான்.

வின்சென்ட் உள்ளே போனான்.

பேராசிரியர் பெர்த்தோலி ஒல்லியான மனிதர். வெள்ளைச் சூட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது, காற்று வரவில்லை. அவர் தலையை நிமிர்த்தி வின்சென்ட்டைப் பார்த்தார். பிறகு அவன் தலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வின்சென்ட்டைப் பார்க்கவே இல்லை, தலையோடுதான் பேசினார்.

"உட்காருங்கள்" என்றார் இத்தாலியனில். "இத்தாலியப் பண்பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

இதற்குத்தான் வின்சென்ட் மூன்று வாரம் தயார் செய்திருந்தான். நகர நூலகத்துக் கலைக்களஞ்சியத்திலிருந்து மூன்று பக்கம். இங்கிலீஷில் படித்து, இத்தாலியனில் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு உருப்போட்டது. கண்ணை மூடினான். ஆரம்பித்தான். "இத்தாலி ஒரு பாதரட்சையின் வடிவில் அமைந்த..."

"நிறுத்துங்கள்" என்றார் பேராசிரியர். "பாதரட்சை. ஏழு ஓவியர்கள். நான்கு நதிகள். பளிங்குக்கல். இப்போதுதான் உங்கள் நண்பர் சொல்லிவிட்டுப் போனார்."

வின்சென்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் அந்த மூன்று பக்கத்தின் ஓரம் மட்டும் ஏன் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது என்று அவன் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தான். மூன்று வாரத்து இத்தாலியன் ஒரே மூச்சில் போய்விட்டது. தூணும் குடையும்தான் மிச்சம். கெப்பாலா பத்தாஸ் வாய்க்கால் ஒன்று மேசைக்கு அந்தப் பக்கம் மெல்ல ஓடத் தொடங்கியது.

பேராசிரியர் தம் பேனாவை மூடினார். மூடிவிட்டு, பரீட்சையெல்லாம் முடிந்துபோன ஆளிடம் கேட்பது போல, "அது என்ன?" என்று தலையைக் காட்டிக் கேட்டார்.

"சந்தனம், ஐயா."

"அதற்குக் கீழே?"

"தலை."

"முடி எங்கே? நீங்கள் துறவியா? உடம்புக்கு ஏதாவதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சீமாட்டிகளின் புத்தகத்தில் நேர்ச்சைக்கு வார்த்தை இல்லை. சீமாட்டிகள் யாரும் மொட்டை போட்டுக்கொள்வதில்லை. சமையல்காரர் கொடுத்ததில் புனிதர்களின் பெயர் நிறைய வரும். ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் வரும் சொற்களைப் பேராசிரியர் முன்னால் சொல்ல முடியாது. வின்சென்ட் உருப்போட்ட எதையும் நம்பாமல், முதல் தடவையாகக் கையில் கிடைத்த சொற்களை வைத்துத் தானே பேசத் தொடங்கினான். அம்மாவுக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவர் உங்கள் ஊர்க்காரர். அம்மா அவரிடம், என் மகனுக்கு இடம் கொடு, முடி தருகிறேன் என்றாள். நல்லவர்கள் கொடுத்தபின் தருவார்கள். அம்மா மிகவும் நல்லவள். கொடுக்குமுன்னே தந்துவிட்டாள். இப்போது அவர் பாடு.

"யார் அந்த நண்பர்?"

"அந்தோணியார், ஐயா."

பேராசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே துறைமுகத்தில் அவருடைய கப்பல் நின்றிருந்தது.

"தம்பி" என்றார். இத்தாலியனில் அதற்கு ஈடாக ஒரு சொல் இருக்கிறது, அதைத்தான் சொன்னார். "நான் பிறந்தது அந்தோணியார் கோயிலுக்கு மூன்றாவது வீட்டில். ஒவ்வொரு வருஷமும் ஜூன் பதின்மூன்றாம் தேதி கூட்டத்தில் என் வீட்டுக்குள்ளேயே என்னால் நுழைய முடியாது. மெழுகுவத்தி, ரொட்டி, நொண்டிகள், வெள்ளியில் செய்த கால்கள். இருபது வயதில், எனக்குக் கடவுளும் வேண்டாம், அவருடைய ஆட்களும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். முப்பது வருஷமாக அதை வகுப்பிலும் சொல்லிவருகிறேன். மூன்று வாரம் கப்பலில் வந்து, உலகத்தின் மறுபக்கத்தில் இறங்கி, ஒரு கதவைத் திறந்தால், உள்ளே அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்!"

வின்சென்ட்டுக்கு அந்தோணியார் சார்பில் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு யோசனை.

"உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று பேராசிரியர் திரும்பினார். கோபத்தில் அவர் முகத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "அவர் எங்கள் ஊர்க்காரரே இல்லை. லிஸ்பனில் பிறந்தவர். போர்த்துக்கீசியர். தெரியுமா?"

தெரியாமல் என்ன? செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் அவருடைய சரித்திரத்தை வாசிப்பவனே வின்சென்ட்தான். லிஸ்பன் என்றால் பதுவைக்குப் பக்கத்துத் தெரு என்று கோயிலில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

"தெரியும், ஐயா" என்றான். "கப்பலில் போனவர் புயலில் சிக்கி உங்கள் நாட்டில் கரை ஒதுங்கினார். தாய்மொழி வேறு. சொந்தக்காரர் யாரும் இல்லை. தலையில் முடியும் கொஞ்சம்தான். அப்படியே வந்து உங்கள் ஊரில் நின்று, உங்கள் மொழியிலேயே உங்கள் ஆட்களிடம் பேசினார்."

"அதனால்?"

"அவரும் வெளிநாட்டு மாணவர்தானே, ஐயா? அவரிடம் ஏழு ஓவியர்களைக் கேட்டீர்களா?"

வின்சென்ட் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷம் தூணோடும் குடையோடும் மட்டுமே பேசியவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"அவர் நாக்கைக் கண்ணாடிப் பேழையில் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று எங்கள் நவநாள் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கட்டாயம் தப்பும் தவறுமாகத்தான் பேசியிருப்பார். நீங்கள் பத்திரப்படுத்தியிருப்பது ஒரு வெளியூர்க்காரரின் நாக்கு, ஐயா. எழுநூறு வருஷமாக."

பேராசிரியர் உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்தார். முதலில் தோள் மட்டும் சிரித்தது; பிறகு கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"முப்பது வருஷமாக அந்த நாக்கைப் பற்றி எல்லாவிதமாகவும் கேலி பேசியிருக்கிறேன்" என்றார். "இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை." பேனாவைத் திறந்தார். "நீங்கள் இப்போது பேசியதில் பதினான்கு தப்பு."

வின்சென்ட் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "பதினான்கா?"

"பதினைந்து. 'கரை ஒதுங்கினார்' என்பதற்கு நீங்கள் சொன்னது, குடித்துவிட்டு விழுந்தார் என்றல்லவா ஆகிறது? அதை யாரிடம் கற்றீர்கள்?"

"கப்பல் சமையல்காரரிடம், ஐயா."

"இனி அவரிடம் கற்காதீர்கள்."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வின்சென்ட் எழுதிக்கொண்டான். பதினைந்தையும் எழுதி முடித்தபோது அவனுக்கு, ஊரெல்லாம் கூட்டி விருந்து வைக்கலாம் போல இருந்தது. பேராசிரியரும் எழுதிக்கொண்டிருந்தார்: கம்பெனிக் காகிதத்தில், மனுதாரர் பெயர் என்ற இடத்தில், வின்சென்ட்டிடம் எழுத்துக் கேட்டு, ஒரு 'டி' கூடப் போட்டு.

"முதலில் வந்த உங்கள் நண்பர் நன்றாகச் சொன்னார்" என்றார். "அவருக்கு நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. செப்டம்பரில் கப்பல். முடி அதற்குள் வளரும் அல்லவா?"

இருவரும் வெளியே வந்தார்கள். வின்சென்ட்டின் முகத்தைப் பார்த்ததும் மைக்கேலுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினான். "உன் தலையைப் பார்த்து இரக்கப்பட்டுட்டாருடா" என்றான். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் குலுக்கினான். அவனும் கோயில் பையன்தான், நல்ல மனசு.

"கிடைச்சிருச்சும்மா" என்றான் வின்சென்ட்.

"அதான் தெரியுமே" என்றாள் அமலம்மாள். அவள் மகனைப் பார்க்கவே இல்லை. அவன் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். பதுவையிலிருந்து வந்தவர், படித்தவர், வெள்ளை உடுப்பு, முகத்தில் தேஜஸ். அந்தோணியார் காலேஜில் பாடம் நடத்துகிறவர் சாமியாரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சாமி" என்று சொல்லி, ஆபீஸ் தரையிலேயே முழந்தாளிட்டாள்.

பேராசிரியர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "என்ன செய்கிறார்?"

"ஆசீர்வாதம் கேட்கிறாள், ஐயா."

"நான் பாதிரியார் இல்லை என்று சொல்லுங்கள்! நான்... எதுவுமே இல்லை என்று சொல்லுங்கள்!"

வின்சென்ட் குனிந்தான். "அம்மா, இவர் சாமியார் இல்ல."

"தெரியும்டா. பெரிய சாமியாரு. பிஷப்பாக்கூட இருப்பாரு. அடக்கமா இருக்காரு."

வின்சென்ட் நிமிர்ந்தான். "சொல்லிவிட்டேன், ஐயா."

அமலம்மாள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. அவள் முழந்தாளிட்டதைப் பார்த்து, படிக்கட்டின் அடியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு கோயில்காரர்கள் படியேறி வந்து அவளுக்குப் பின்னால் முழந்தாளிட்டார்கள். மைக்கேல் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவனும் கால்சட்டையை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கினான்; சும்மா கிடைக்கிற ஆசீர்வாதத்தை விடுவானேன்?

பேராசிரியர் பெர்த்தோலி கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்கு நேர் வழியில்தான் எல்லாரும் முழந்தாளிட்டிருந்தார்கள். கடைசியில் அமலம்மாளின் முகத்தைப் பார்த்தார். அங்கே அவர் என்ன கண்டாரோ, வலது கை தானாக எழுந்தது. மூன்று விரலைச் சேர்த்து, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், கொஞ்சமும் தடுமாறாமல் சிலுவை வரைந்தது. மூன்றாவது வீட்டில் வளர்ந்த கை.

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

மேசைக்குப் பின்னாலிருந்து சீனி முகம்மது, சந்தனம் மணக்கும் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "தங்கமான மனுசன்லா" என்றார்.

படியிறங்கும்போது பேராசிரியர் வின்சென்ட்டின் தோளைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்தார். காதுக்குள், மிகத் தாழ்ந்த குரலில், "இங்கே நடந்ததைப் பதுவையில் நீங்கள் ஒரு மனிதரிடமும் சொல்லக்கூடாது" என்றார்.

வின்சென்ட் உடனே நோட்டை எடுத்தான். வாக்கியம் நன்றாக இருந்தது. நடுவில் ஒரு சொல்தான் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவரும் ஒரு படியில் நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, வகுப்பில் சொல்வது போல மறுபடி சொன்னார்.